கிளவுடில் ஏற்றிய பின்: நிரலாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (உட்லண்ட்ஸ்): துணைப்பாட நிலையம் ஒன்றுக்கு நான் எழுதிய வருகைப்பதிவுச் செயலி, என் மடிக்கணினியில் உடனே திறக்கிறது. கிளவுடில் (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில்) ஏற்றிய பிறகு, 40 மாணவர்கள் உள்ள வகுப்பின் பக்கம் திறக்க எட்டு விநாடிக்கு மேல் ஆகிறது. சர்வரின் திறனைக் கூட்டியும் பயனில்லை. செயலி சிங்கப்பூரில் இருக்கிறது. தரவுத்தளம் மட்டும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது.

பதில்: சிங்கப்பூரிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளை) போய் விடை திரும்ப 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். கண்ணாடி இழையில் ஒளி செல்லும் வேகமே அதற்கு எல்லை வகுப்பதால், எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் அந்த நேரம் குறையாது. நீங்கள் மாணவர் பட்டியலை ஒரு வினவலில் எடுத்துவிட்டு, ஒவ்வொருவரின் வருகையையும் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதிக்குள்) தனித்தனியே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் மொத்தம் 41 வினவல்கள்; 41 முறை 200 மில்லிவிநாடி என்றால் 8.2 விநாடி. கணக்கு அப்படியே பொருந்துகிறது. மடிக்கணினியில் தரவுத்தளம் பக்கத்திலேயே இருந்ததால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை.

லூப்பை நீக்கி, ஜாயின் (அட்டவணைகளை இணைத்துத் தரவை எடுக்கும் முறை) கொண்டு ஒரே வினவலாக எழுதுங்கள். பிறகு தரவுத்தளத்தைச் சிங்கப்பூர் வட்டாரத்துக்கு மாற்றுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறது என்றால், முதலாவதைச் செய்யுங்கள். இடத்தை மட்டும் மாற்றினால், மாணவர் எண்ணிக்கை பெருகும்போது அதே தாமதம் மீண்டும் தலைதூக்கும்.

கேள்வி (தெம்பனிஸ்): டாக்கர் கன்டெய்னர் (செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி போன்ற சூழல்) ஓடுகிறது, லாகிலும் (செயலியின் நிகழ்வுப் பதிவிலும்) பிழை இல்லை, உலாவியில் மட்டும் 502 (இடையிலுள்ள சர்வருக்குச் செயலியிடமிருந்து சரியான விடை வரவில்லை என்ற பிழை) வருகிறது.

பதில்: செயலி 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கன்டெய்னருக்குள் அந்த முகவரி கன்டெய்னரை மட்டுமே குறிக்கும் என்பதால், வெளியிலிருந்து வரும் கோரிக்கை செயலியைச் சென்றடையாது. எல்லா முகவரிகளிலும் காத்திருக்கச் சொல்லும் 0.0.0.0 என்று மாற்றி, போர்ட் எண்ணும் (கோரிக்கை வந்துசேரும் வாயிலின் எண்) பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

கேள்வி (தோ பாயோ): கோயில் தொண்டூழியர்களைப் பதிவுசெய்யும் செயலியில் அடையாள அட்டை எண்ணையே முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளமாக) வைத்திருக்கிறேன். ஒருவருக்கு ஓர் எண் என்பதால் இது பாதுகாப்பானதுதானே?

பதில்: இல்லை, இதை உடனே மாற்றும்படி வலியுறுத்துகிறேன். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டுதலின்படி, சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அமைப்புகள் பொதுவாக இந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது. தொண்டூழியர் பட்டியலுக்குப் பெயரும் கைப்பேசி எண்ணும் போதும்.

தொழில்நுட்ப வகையிலும் இது தவறான தேர்வு. முதன்மைச் சாவி ஓரிடத்தில் நிற்பதில்லை. இணைய முகவரி, லாக், பிற அட்டவணைகள், காப்புப்படி என எல்லா இடத்திற்கும் பரவிவிடும். மேலும், வேலை அனுமதியில் இருப்பவர் நிரந்தரவாசியானால் அவருக்குப் புதிய எண் கிடைக்கும். உங்கள் செயலிக்கு அவர் வேறொருவராகிவிடுவார். எனவே ஆளைப் பற்றி எதுவும் சொல்லாத, பொருளற்ற ஒரு சாவியைப் புதிய நெடுவரிசையில் உருவாக்கி, பிற அட்டவணைகளின் இணைப்புகளை அதற்கு மாற்றி, செயலி அதில் ஓடுவதை உறுதிசெய்த பிறகு பழைய நெடுவரிசையை நீக்குங்கள். பழைய காப்புப்படிகளிலும் அந்த எண்கள் இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி (ஜூரோங்): தமிழ்ப் பெயர்களைச் சுருக்கிக் காட்டும்போது கடைசி எழுத்து சிதைகிறது.

பதில்: ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து; எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி); அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். நான்கு குறியீடுகளோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். ஆகவே குறியீடுகளை எண்ணாமல் முழு எழுத்துகளை எண்ணி வெட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter) உள்ளது.

கேள்வி (ஈசூன்): கிளவுட் கணக்கின் ரகசியச் சாவியைத் தவறுதலாகப் யாரும் பார்க்கக்கூடிய கிட் களஞ்சியத்தில் (நிரலின் மாற்றங்களை எல்லாம் பதிந்து வைக்கும் இடத்தில்) ஏற்றிவிட்டேன். கோப்பை நீக்கிவிட்டேன், போதுமா?

பதில்: போதாது. நீக்கிய கோப்பு கிட் வரலாற்றில் அப்படியே இருக்கும்; சாவியை யாரேனும் எடுத்துப் பயன்படுத்தியும் இருக்கலாம். அந்தச் சாவியை இப்போதே செயலிழக்கச் செய்து, புதியதை உருவாக்கி, உங்களுக்குத் தெரியாத சர்வர் ஏதேனும் எந்த வட்டாரத்திலாவது ஓடுகிறதா என்று கணக்கு முழுவதையும் பாருங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான்.