நிக்கோடமஸில் அரை மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்வருக்குக் காரில் போகும் வழியில், கான்சஸ் மாநிலத்தில் நிக்கோடமஸ் என்ற சிற்றூரைப் பார்த்தேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் உருவாக்கிய ஊர். இப்போது சில வீடுகளும் ஐந்து பழைய கட்டடங்களும்தான் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். நிலத் தரகர்களின் நோட்டீஸை நம்பி ஏமாந்த அப்பாவிகளை நினைத்து மனம் கனத்தது. பயணக்கட்டுரை எழுதலாமா? அதற்கு முன் என்ன படிக்க வேண்டும்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

தாராளமாக எழுதுங்கள். என்ன படிப்பது என்பதை அப்புறம் பார்ப்போம். கொஞ்ச நாளாக நானும் அந்த ஊரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதம் சந்தோஷத்தையும் எரிச்சலையும் சேர்த்தே கொடுத்தது.

ஏமாந்த அப்பாவிகள் என்று யார் சொன்னது? நோட்டீஸில் இருந்தது பாதி பொய்தான், சரி. ஊர் என்று சொல்லி அழைத்து வந்த இடத்தில் ஒரு வீடுகூடக் கிடையாது. வில்லியானா ஹிக்மன் என்ற பெண் 1878 வசந்தத்தில் கென்டக்கியிலிருந்து வந்தார். "அதோ நிக்கோடமஸ்" என்று ஆண்கள் கூவுகிறார்கள். அவர் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. "எங்கே?" என்று கணவரைக் கேட்கிறார். அவர் காட்டிய திசையில் தரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மக்கள் மண்ணைக் குடைந்து, மேலே கூரை போட்டு, உள்ளே குடியிருந்தார்கள். வில்லியானா அழுதுவிட்டார்.

நீங்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவீர்கள். அதுதான் எனக்குக் கோபம். அழுத அந்தப் பெண் அங்கேயே குடித்தனம் நடத்தினார். கோபித்துக்கொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு. அழைத்து வந்த ஹில் என்ற வெள்ளைக்காரத் தரகரைத் தூக்கில் போடக் கிளம்பியதாகக்கூடச் சொல்வார்கள். தங்கியவர்கள் முதல் குளிர்காலத்தை ஓசேஜ் பழங்குடியினர் பகிர்ந்த உணவாலும் வெளியிலிருந்து வந்த உதவியாலும் தாண்டினார்கள். 1879-இல் ஊர் கூடி இனி வெளியே கையேந்த வேண்டாம் என்று முடிவெடுத்தது. குடியேற்ற கம்பெனியையே கலைத்தது. அந்த ஊருக்கு வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-இல் மாநிலத்தின் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்தலில் ஜெயித்தார். அங்கே அந்த அளவு பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவர். அப்பாவிகள் செய்கிற காரியமா இது?

அவர்கள் விட்டு வந்த தெற்கை, அடிமை முறை இருந்த தென்மாநிலங்களை, யோசித்துப் பாருங்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பர்களுக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படை 1877-இல்தான் அங்கே காவலிலிருந்து விலகியது. பழைய எஜமானின் வயலில் வாரத்துக்கு உழுவதா, இல்லை ஒரு மரம்கூட இல்லாத புல்வெளியில் 160 ஏக்கர் சொந்த நிலமா? கணக்குப் போட்டுத்தான் வந்தார்கள். நாமும் இருக்கிறோமே, வழவழப்பான தாளில் நீச்சல்குளம் அச்சிட்டுக் கொடுத்தால் போதும், அடுத்த வாரமே அட்வான்ஸ் கட்டிவிடுவோம். சென்ற மாதம்தான் நான் ஒன்று கட்டியிருக்கிறேன்.

ரயில் வராததால்தான் ஊர் தேய்ந்தது என்று கைடு சொல்லியிருப்பார். அது உண்மைதான். ரயிலை ஊருக்கு இழுக்க 1887-இல் 16,000 டாலருக்குக் கடன்பத்திரம் தர ஊரார் வாக்களித்தும், 1888-இல் தண்டவாளம் ஆற்றுக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. கடைகளும் பின்னாலேயே போக் என்ற புது ஊருக்குப் போயின. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, விடுங்கள்.

நீங்கள் போனது தப்பான நாளில். ஜூலைக் கடைசியில் போங்கள். வெளியூர் போன குடும்பங்களின் வாரிசுகள் வருடாவருடம் அப்போது ஊர் திரும்புகிறார்கள். விடுதலைத் திருநாளாகத் தொடங்கிய வழக்கம் அது. காரை நிறுத்தி இறங்கி, யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேளுங்கள். அதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. ஊரில் தங்க இடம் கிடையாது, பக்கத்தில் ஹில் சிட்டியில் முன்கூட்டியே அறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆமாம், அதே ஹில்தான்.