அம்மா அம்மாபேட்டையிலேயே இருக்கட்டும்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேலம் அம்மாபேட்டை வீடுதான், அப்பா போனபிறகு தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் உண்டு. போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், பெரிய அடி இல்லை. பெங்களூருக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், அண்ணன் முதியோர் இல்லம் பார்க்கலாம் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பெங்களூரு

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் நான் அம்மா பக்கம்தான். தறிச் சத்தம், வாசலுக்கு வரும் பூக்காரம்மா, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்று இருந்தவரை, பேச ஆளில்லாத ஒரு ஃபிளாட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தால் உடம்பு நன்றாக இருந்தாலும் மனசு வாடிவிடும். அதனால் "எங்கே வைத்துக்கொள்வது" என்பதை விட்டுவிட்டு, "எது முடியவில்லை?" என்று அவரிடமே கேளுங்கள். சமைக்க முடியும், ஆனால் ரேஷன் அரிசியைத் தூக்கி வர முடியாது என்பார். அப்படியானால் அந்த அரிசிக்கு மட்டும் வழி செய்தால் போதும்.

அதற்கு வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டு வாசலிலேயே தருகிறார்கள். கார்டில் உங்கள் பெயரோ அண்ணன் பெயரோ இன்னும் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள், கார்டில் இருக்கிற எல்லோருக்குமே வயது பார்ப்பார்கள். அப்புறம் மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து நடக்கிறது, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார். முழங்காலுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள், அதுவும் இந்தத் திட்டத்தில் உண்டு. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது என்றால், உயிர்வாழ் சான்றுக்காக வரிசையில் நிற்க வேண்டாம், 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொள்வார்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அந்த பாத்ரூம். இந்த வாரமே ஊருக்கு வந்து செய்துவிட்டுப் போங்கள். சுவரில் கைப்பிடி, வழுக்காத பாய், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி எரிய ஒரு சின்ன பல்பு. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் பெரியம்மா உள்ளே விழுந்து கிடந்தபோது கதவை உடைக்கவே அரை மணி நேரம் ஆனது, அந்த அரை மணி நேரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடவில்லை என்றால் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். அம்மாபேட்டை மாதிரி தெருக்களில் இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், கட்டணம் கிடையாது. எந்தத் திட்டத்துக்கு எங்கே போவது என்பதிலிருந்து, மனசு சரியில்லை என்பதுவரை அதில் கேட்கலாம். அவசரத்துக்கு 108.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருக்கிறார். பிரஷர் மாத்திரைக்காக மாதாமாதம் பஸ்ஸில் சேலம் வந்து போகிறார், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுவதற்குள் ஆளே சோர்ந்துவிடுகிறார்.
– வாசகர், சேலம்

பதில்: மாத்திரை வாங்க மட்டும் மலை இறங்க வேண்டியதில்லை. இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டோடு ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள், மேலே சொன்ன வீடு தேடி வரும் திட்டம் மலைக் கிராமங்களுக்கும் உண்டு, பதியச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் நேரில் வரச் சொன்னால் மட்டும் சேலம் வரட்டும். எஸ்டேட் வீட்டுக்குக் கதவு எண் சொன்னால் ஆம்புலன்ஸுக்குப் புரியாது. எந்தச் சாலை, எந்த வளைவு, பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது கடை என்று நாலு வரி எழுதி அப்பாவின் போன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.