கொட்டகையில் நிற்கும் காரும் எலித் தொல்லையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்காக அவன் வாங்கிய கார், ஆண்டின் பெரும்பகுதி எங்கள் வீட்டை ஒட்டிய பழைய மாட்டுக் கொட்டகையில் உறை போட்டு நிற்கிறது. சென்ற மாசி மாதம் வண்டியை எடுக்கப் போனபோது எஞ்சின் வயர்களை எலி கடித்துக் குதறியிருந்தது. புகையிலை, அந்துருண்டை எல்லாம் வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: வயர் கடிபட்டது மாசி மாதத்தில், அதுவும் பழைய மாட்டுக் கொட்டகையில் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தொல்லைக்கான காரணம் பெரும்பாலும் அந்த இரண்டிலேயே இருக்கிறது. காவிரிப் படுகையில் சம்பாவும் தாளடியும் தையிலும் மாசியிலும் அறுவடையாகின்றன. கதிர் முற்றும் காலத்தில் வயிறார உண்டு பெருகிய எலிகளுக்கு, பயிரை அறுத்ததும் மறைவு போய்விடுகிறது. அதே நாட்களில் நெல்லும் வைக்கோலும் வீட்டை நோக்கி வருகின்றன. கொள்முதல் நிலையத்தில் முறை வரும் வரை மூட்டைகளைக் கார் நிற்கும் கொட்டகையிலேயே அடுக்கி வைப்பது நம் ஊர்களில் வழக்கம். இதே போன்ற இடப்பெயர்ச்சி ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வளைகளுக்குள் தண்ணீர் புகும்போதும் நடக்கிறது. ஆகவே காரைக் காக்க வேண்டுமானால் வேலையைக் கொட்டகையிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சினுக்குள் எதை வைத்தாலும், பக்கத்தில் நெல் மூட்டை இருக்கும் வரை எலி வந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் வந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தரையைத் தோண்டி மண்ணைக் குவிப்பவை வயல் எலியும் பெருச்சாளியும். இவை ஏறுவதில் கெட்டியல்ல. டயர் வழியாக ஏறி எஞ்சினுக்குள் குடியேறுபவை பெரும்பாலும் வீட்டு எலியும் சுண்டெலியும்தான். சுண்டெலியின் புழுக்கை அரிசிமணி அளவே இருக்கும். வீட்டு எலியுடையது அதைப் போல் இரண்டு மடங்கு நீளம். நீண்ட மூக்கும் வீச்சமுமாகச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல. அது பூச்சி தின்பது, வயரைக் கடிக்காது, அதை விட்டுவிடுங்கள்.

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். பகலில் கொட்டகைக்குள் நின்று கதவைச் சாத்திப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் எலிக்கு வழி. ஓட்டுக்கும் சுவர்த்தலைக்கும் இடையே உள்ள திறப்புகளையும் சன்னல்களையும் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள துத்தநாகம் பூசிய கம்பி வலையால் அடைக்க வேண்டும். பிளாஸ்டிக் கொசுவலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும். சுவர் அடியிலுள்ள வளைகளைக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்டால் பூசும் நம் கொத்தனார்களின் பழைய முறை இன்றும் நல்ல முறையே. கதவின் அடியில் வெறும் ரப்பர் பட்டை போதாது, தகரப் பட்டையும் சேர்த்து அடிக்க வேண்டும். மாடு கட்டியிருந்த இடம் என்பதால் கழிநீர்க் கால்வாய்த் துளை ஒன்று நிச்சயம் இருக்கும். அதற்கும் வலை போடுங்கள். வைக்கோல் போரும் விறகு அடுக்கும் கொட்டகைச் சுவரைத் தொடாமல் தள்ளி இருக்கட்டும். நெல் மூட்டையைக் கொட்டகையில் வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்த நாட்களில் காரை வாசலில் நிறுத்துவதே மேல்.

இனி வண்டி. ஆயுத பூசையில் படைத்த பொரியும் கடலையும் இருக்கைக்கு அடியிலும் டிக்கியிலும் சிதறிக் கிடக்கும். அடுத்த சில வாரங்களில் அடைமழை தொடங்கி, எலிகளும் வயலை விட்டு வந்துவிடும். சிதறிய பொரி கடலையையெல்லாம் பெருக்கி எடுக்காமல் உறையைப் போடக் கூடாது. பிஸ்கட், மெல்லிய தாள், பழைய துணி ஆகியவையும் உள்ளே வேண்டாம். தரையைத் தொடும்படி தொங்கும் உறை, எலி விரும்பும் இருட்டையும் மறைவையும் நாமே செய்து தருவதாகும்; ஆகையால் உறையின் கீழ்ப்பகுதியைத் தூக்கிக் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பானெட்டைத் திறந்தே வைக்கலாம். காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் வழியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியின் குழாய்வாயிலும் நுண்ணிய எஃகு வலை பொருத்தச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். இது சிறிய வேலைதான். சைலன்சர் வாயை வலையால் அடைத்தால், வண்டியை எடுக்கும் முன் அதைக் கழற்ற மறக்காதபடி, ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை யாராவது பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதைப் போன்ற காவல் வேறில்லை. பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கம்பளம் போன்ற உறை பிய்ந்து, அந்த நார் ஒரு மூலையில் நெல் உமியோடும் நிலக்கடலைத் தோலோடும் கையகலத்துக்குக் குவிந்திருந்தால் அது கூடு. வயரின் மேலுறையில் இணை இணையாக இரண்டு கோடுகள் தெரிந்தால் அவை உளிப்பற்களின் தடம். அந்தப் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், பசி இல்லாவிட்டாலும் எலி எதையாவது கொறித்துக்கொண்டுதான் இருக்கும். இவற்றைக் கண்டால் பேட்டரியை இணைக்கவோ சாவியைத் திருப்பவோ வேண்டாம். மேலுறை போன வயர்கள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும். எரிபொருள் குழாயும் கடிபட்டிருக்கலாம். தடயம் ஒன்றும் இல்லையென்றால் வண்டியை எடுத்து நாலைந்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

புகையிலையின் நெடி சில வாரங்களில் தணிந்துவிடும், எலியும் பழகிவிடும். அந்துருண்டையை நான் வேண்டாம் என்றே சொல்வேன். அதன் ஆவி ஏசி வழியாக வண்டிக்குள் வரும். கைக்குழந்தைகளுக்கும், பிறவியிலேயே ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

கேள்வி: கொட்டகையில் எலி மருந்து வைக்கலாமா? வீட்டில் பேரக் குழந்தைகளும் இரண்டு பசுக்களும் உண்டு. (ஒரு வாசகி, திருவிடைமருதூர்)

பதில்: வேண்டாம் அம்மா. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் உறங்கிய ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் உயிரிழந்ததைப் படித்திருப்பீர்கள். எலி மருந்தாகப் பயன்படும் துத்தநாக பாஸ்பைடு ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை கல்லீரலை அழிப்பது. யாராவது கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். புரோமடியோலோன் என்னும் மருந்து கலந்த கட்டிகள் மெதுவாக வேலை செய்பவை. தின்ற எலி சில நாட்கள் கழித்து டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால், அந்த நாற்றத்தைப் போக்க வண்டியையே பிரிக்க நேரிடும். மயங்கித் திரியும் எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேருகிறது. எலியைத் தின்று நமக்கு உதவும் உயிர்களை நாமே கொல்வது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

கூண்டுப் பொறி போதும். எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும் இயல்புடையது. எனவே முதல் இரண்டு மூன்று இரவுகள் கதவு விழாதபடி கட்டிவைத்து, கருவாட்டுத் துண்டையோ சுட்ட தேங்காய்ச் சில்லையோ உள்ளே வையுங்கள். தின்று பழகிய பிறகு பொறியை ஏற்றுங்கள். கொட்டகை நடுவில் வைப்பதால் பயனில்லை. எலி சுவரை ஒட்டியே ஓடும். அதன் உடல் உரசிய கருத்த எண்ணெய்த் தடம் சுவரடியில் தெரியும் இடத்தில் வையுங்கள். காலையில் தவறாமல் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல் இருந்தால், தஞ்சாவூர்க் கிட்டி என்னும் வயல் எலிப்பொறி வைப்பவர்களை அக்கம்பக்கத்து மிராசுதாரர்களோடு சேர்ந்து அழைப்பது நல்லது. மாலையில் வரப்போரம் மூங்கில் வில் கிட்டிகளை நட்டு, விடியலில் எடுத்துவிடுவார்கள். நடவு முடிந்து தூர் கட்டும் பருவத்திலேயே அழைக்க வேண்டும், ஏனெனில் கதிர் வந்த பிறகு எலி பெருகும் வேகத்துக்கு எந்தக் கிட்டியும் ஈடு கொடுக்காது. ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் அடுத்த வயலிலிருந்து வந்துவிடும்.

கேள்வி: காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவி வாங்கலாமா? (ஒரு வாசகர், சீர்காழி)

பதில்: அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அந்த ஒலி மூட்டையையோ சுவரையோ ஊடுருவாது. தொடக்கத்தில் சற்று விலகும் எலிகளும் சில நாட்களில் பழகிவிடுகின்றன. சான்றில்லாமல் இவற்றை விளம்பரப்படுத்திய அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001-இல் எச்சரித்தது. அந்தப் பணத்துக்குக் கம்பி வலை வாங்குங்கள்.

கேள்வி: காரின் ஏசியைப் போட்டால் எலி மூத்திர வாடை வருகிறது, உள்ளே புழுக்கையும் இருக்கிறது. நாங்களே சுத்தம் செய்யலாமா? எலிக்காய்ச்சல் வருமா? (ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: செய்யலாம், ஆனால் துடைப்பத்தையோ வாக்குவம் கருவியையோ எடுக்காதீர்கள், காய்ந்த புழுக்கை தூளாகி மூச்சில் போகும். ஏசியையும் போடாதீர்கள். கதவுகளை அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து புழுக்கையின் மேல் நனையத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துத் தாளால் வழித்தெடுங்கள். இருக்கைத் துணியில் பிளீச் பட்டால் வெளுத்துவிடும். அங்கே சோப்புக் கரைசல் போதும். ஏசி ஃபில்டரைக் கழுவிப் பயன்படுத்தாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். எலி கூடு கட்டும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியே வந்து, நம் தோலில் உள்ள கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உட்புகும். மழைக்காலத்தில் சேற்று நீரில் நடந்தாலும் தொற்றும். சுத்தம் செய்த சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், எலிப் புழுக்கையைத் தொட்டுச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் எளிய மாத்திரைகளில் குணமாகும் நோய் அது. தாமதித்தால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வரை போகக்கூடும்.