இனிப்பு மிளகாயில் காரத்தைத் தேடாதீர்கள்

சென்ற இதழில் துருக்கியின் பழைய நாட்டு ரகமான சோர்பாஜி மிளகாயைப் பற்றி எழுதியிருந்தேன். இஸ்மீரில் என் வீட்டுப் பின்கட்டில் ஆண்டுதோறும் வளர்ப்பது அதுதான். காய் ஏறக்குறைய ஓரடி நீளும், விரல் பருமன்தான் இருக்கும், பிழிந்து போட்ட துணியைப் போல முறுக்கிக்கொண்டு தொங்கும். வெளிர் பச்சையில் தொடங்கி, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிக் கடைசியில் சிவக்கும். காரம் துளியும் கிடையாது. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நம் ஊர் பஜ்ஜி மிளகாயும் இதுவும் ஒன்றுதானா?
— வாசகி, ஈரோடு

இல்லை அம்மா. பஜ்ஜி மிளகாயில் லேசான காரம் இருக்கும், சதையும் தடிமன். அதற்குத் தோற்றத்தில் நெருங்கியது இங்கே சார்லிஸ்டன் என்ற ரகம். ஜூலை மாதத்தில் இங்குள்ள வாரச்சந்தைக்குப் போனால் மிளகாய்க்கென்றே தனி வரிசை இருக்கும்: ஒல்லியான சிவ்ரி, சார்லிஸ்டன், உள்ளே அரிசி அடைத்துச் சமைக்கும் குட்டைக் குடைமிளகாய், சிவந்த காப்யா. காரமா இனிப்பா என்று கேட்டுத்தான் பையில் போடுவார்கள். இவையெல்லாம் ஒரே தாவர இனம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த மிளகாயை நாம் காரத்துக்காக வைத்துக்கொண்டோம். இவர்கள் அதைக் காய்கறியாகவும் வளர்த்தெடுத்தார்கள்.

சோர்பாஜி விதை போட்டிருக்கிறேன். பக்கத்துத் தொட்டியில் குண்டு மிளகாய் இருக்கிறது. இனிப்பு மிளகாயும் காரமாகிவிடும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
— வாசகி, ஓசூர்

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை அலட்சியப்படுத்திவிடாதீர்கள்.

இந்த முறை காய்க்கும் காய்கள் இனிப்பாகவே இருக்கும். காயின் தோல், சதை, உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டு எல்லாமே தாய்ச்செடியின் பாகங்கள். தேனீ எந்தப் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து போட்டாலும் அவை மாறுவதில்லை. மிளகாயில் காரம் ஊறுவது அந்த வெள்ளைத் தண்டில்தான். இனிப்பு ரகத்தில் அது ஊறவே ஊறாது.

மாறுவது விதை. குண்டு மிளகாயின் மகரந்தம் பட்ட பூவிலிருந்து வந்த விதையை அடுத்த பட்டத்தில் ஊன்றினால், அந்தச் செடியின் காய் காரமாகத்தான் இருக்கும். காரம் ஓங்கு பண்பு, காரமின்மை ஒடுங்கு பண்பு. எனவே சாப்பிட மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் கவலை வேண்டாம். விதை எடுக்க வேண்டுமானால் ஒரு கிளையை மொட்டுப் பருவத்திலேயே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். காலையில் கிளையை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்துவிட்டு, அந்தக் காம்பில் மறக்காமல் ஒரு நூலைக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது பறித்துச் சமைத்துவிடுவார்கள். காய் முழுவதும் சிவந்து தோல் சுருங்கத் தொடங்கும்போது விதையை எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். வீரிய ஒட்டு ரகங்களின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல அமையாது. நாட்டு ரகம் அமையும். கலக்காமல் காப்பாற்றிய விதைதான் இந்த மிளகாயின் உயிர்.

மாடித்தோட்டத்தில் செடி நன்றாக வளர்ந்தும் பூவெல்லாம் உதிர்கிறது. ஒன்றிரண்டு காய் பிடித்தாலும் நுனி கறுத்துப்போகிறது.
— வாசகர், மதுரை

பூ உதிர்வதற்குக் காரணம் வெயில். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மிளகாய் பூவை உதிர்த்துவிடும். இங்கே வசந்தத்தில் நாற்று நட்டுக் கோடையில் பறிக்கிறோம். உங்கள் ஊரில் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்தால் குளிர்ந்த மாதங்களில் காய் கிடைக்கும்.

நுனி கறுப்பது நோய் அல்ல. வளரும் காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததன் விளைவு. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், அதைக் கொண்டுபோகும் நீர்தான் சீராக இருக்காது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் தொட்டி வழிய ஊற்றுவதை நிறுத்துங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைச்சருகைப் பரப்பி, ஒரே அளவாக ஊற்றி வாருங்கள். நீளமான காய்களில் இந்தத் தொல்லை கூடுதல்.

பெர்லினில் துருக்கிக் கடையில் நீள இனிப்பு மிளகாய் வாங்கிப் புளிக்குழம்பு வைத்தேன். சப்பென்று இருந்தது. எப்படித்தான் சமைப்பது?
— வாசகி, பெர்லின்

புளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்த குழம்பில் இதன் இனிப்பு எப்படித் தலைகாட்டும்? மசாலா டப்பாவை மூடி வைத்துவிட்டு ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள்.

காய்களைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். காம்பை நீக்க வேண்டாம், விதையும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் கத்தி முனையால் இரண்டு மூன்று இடங்களில் குத்துங்கள். குத்தாவிட்டால் உள்ளே ஆவி அடைபட்டு வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். அகலமான சட்டியில் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மிதமான தீயில் காய்களைப் படுக்கவையுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் அது அடங்கி, தோல் கொப்புளித்து அங்கங்கே பழுப்பேறி, காய் துவண்டு தட்டையாகும். அப்போது எடுத்து உப்பைத் தூவுங்கள். கெட்டித் தயிரில் ஒரு பல் பூண்டை நசுக்கிப் போட்டு உப்புச் சேர்த்துக் கலந்து, மேலே ஊற்றுங்கள். தயிர் குளிர்பெட்டியிலிருந்து நேராக வரக்கூடாது, சில்லென்ற தயிர் எண்ணெயை உறையச் செய்துவிடும். தட்டில் மிஞ்சும் எண்ணெயும் தயிரும் கலந்த சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சிவந்த காய்க்கு இனிப்பு அதிகம், பச்சைக்குப் புல் வாசனையோடு ஒரு மெல்லிய கசப்பு. வறுக்க இரண்டையும் கலந்து போடுவேன்.

மெனெமெனில் வெங்காயம் உண்டா, இல்லையா?
— வாசகர், சென்னை

தக்காளி, பச்சை மிளகாய், முட்டை சேர்த்துச் செய்யும் இந்தக் காலை உணவுக்கு இங்கே இரண்டு கட்சிகள். 2018-இல் உணவு விமர்சகர் வேதாத் மிலோர் ட்விட்டரில் இதே கேள்வியைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார். நான்கு லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள், வெங்காயக் கட்சி மயிரிழையில் வென்றது. நான் தோற்ற கட்சி. வெங்காயத்தின் இனிப்பு மிளகாயின் இனிப்பை மறைத்துவிடுகிறது.

ஒரே சமயத்தில் நிறையக் காய்த்தால் என்ன செய்வது?
— வாசகி, கொடைக்கானல்

சிவந்தவற்றை ஊசிநூலில் கோத்துக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு உலர்த்தலாம். தென்கிழக்குத் துருக்கியில் காசியான்தெப், உர்ஃபா பக்கம் கோடை முடிவில் மொட்டைமாடிகளில் சிவப்பு மிளகாயை அரைத்து, உப்பிட்டு, தட்டுகளில் பரப்பி வெயிலில் கெட்டியாக்குவார்கள். அந்த விழுதுக்கு நல்ல சதைப்பற்றுள்ள காப்யா போன்ற ரகம்தான் ஏற்றது, சோர்பாஜியின் மெல்லிய சதை கட்டுபடியாகாது. உங்கள் ஊர்க் குளிரில் வெயிலை நம்ப முடியாது. பச்சையாகவே பறித்து ஊறுகாய் போடுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 50 முதல் 60 கிராம் கல்லுப்பு, கொஞ்சம் வினிகர், பூண்டு, புளிப்பு சீக்கிரம் ஏற ஒரு கை கொண்டைக்கடலை. காய்களைக் குத்திவிட்டு, நீருக்கு மேல் தலை தூக்காமல் சிறு கல்லால் அழுத்தி வையுங்கள்.