"பழகிவிடும்" என்று சொன்னது என் தவறு

அம்மா, ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தரும் பாராமெடிக் வேலைக்குப் படிக்க ஆசைப்படும் மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தினம் ரத்தமும் சாவுமாகப் பார்த்தால் பிள்ளை மனசு என்ன ஆகும்?" உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். பழகாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பெருநகர ஆம்புலன்ஸில் ரத்தம் சீக்கிரம் பழகும். பழகாதவை வேறு. நெரிசலில் வண்டி நகராமல் நிற்க, பின்னால் நோயாளியின் மூச்சு குறைந்துகொண்டே போகும். ஒருவரை மருத்துவமனையில் ஒப்படைத்ததும் அடுத்த அழைப்பு வந்துவிடும். அவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் தெரியாமலே போகும். குழந்தையின் சாவு வருடக்கணக்கில் கூடவே வரும். இரவு ஷிஃப்ட் தூக்கத்தையும் கெடுக்கும். பணியில் இப்படித் திரும்பத் திரும்பக் கோரங்களை எதிர்கொள்வதும், பார்த்தது மனதை விடாமல் துரத்தும் மனவடு நோய்க்குக் (PTSD) காரணமாகலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டது.

ஆனால் இந்தப் பயத்தைக் காட்டி அவளை மூன்றாம் முறையாக மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உட்கார வைக்க அவளுடைய பெரியப்பா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் டாக்டர் சாவைப் பார்ப்பதில்லையா? வீட்டை அடகு வைத்து சீட் வாங்கும் பேச்சை இன்றோடு விடுங்கள். விருப்பமில்லாத படிப்பு, தலைக்கு மேல் கடன், அதற்குமேல் இதே துயரம். மூன்றையும் ஒரு பிள்ளை தாங்க வேண்டுமா?

அவள் கேட்பது பாராமெடிக் படிப்பு. முதலுதவி முகாமில் நெஞ்சை அழுத்தப் பழகியதை என்னிடம் சொன்னபோது அவள் கண்ணைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று விரலை மடக்கிக் காட்டினாள். அத்தனையும் சரியாகச் செய்தாலும், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இதை முதல் வருடத்திலேயே அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். தெரியாமல் போகிறவர்கள் ஒவ்வொரு சாவையும் தன் கைப்பிழையாகவே சுமக்கிறார்கள்.

யாரும் யோசிக்காத ஒரு கிளையும் இதில் உண்டு: அவசர அழைப்பு மையம். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், அழைப்பை எடுப்பவர் என்னென்ன கேட்க வேண்டும், வண்டி போய்ச் சேரும்வரை என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று முறைப்படுத்தினார். பதறி அழும் ஒருவரை அமைதிப்படுத்தி, "கையை நெஞ்சின் நடுவில் வையுங்கள், நான் எண்ணுகிறேன், கூடவே அழுத்துங்கள்" என்று குரலாலேயே உயிரைப் பிடித்து வைக்கும் வேலை அது. முதுகு நொந்தவர்கள், சில வருடம் தெருவை விட்டு விலகி இருக்க நினைப்பவர்கள் அங்கே மாறிக்கொள்ளலாம். களத்தில் வேலை பார்த்த அனுபவம் அங்கே பெரிதும் உதவும். அங்கேயும் பாரம் உண்டு. அலறலைக் கேட்கலாம், ஓடிப்போய்த் தொட முடியாது.

கல்லூரியையும் பணியிடத்தையும் பார்க்கப் போகும்போது சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள். மோசமான கேஸ் முடிந்ததும் குழுவை அழைப்பிலிருந்து சற்று நேரம் விலக்கி வைப்பார்களா? கூட வேலை செய்பவர்களில் பேச்சுத்துணைக்கென்று பயிற்சி பெற்றவர் உண்டா? தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை வாங்குவார்கள்? சம்பவம் நடந்த மறுநாளே எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்லக் கட்டாயப்படுத்தும் ஒருநாள் கூட்டம் போதாது. அதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்த முறை அவளை உள்ளே அழைத்து வாருங்கள். பெரியப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.