டிஹெச்சிபி சர்வரில் (கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாகத் தரும் சர்வர்) டிஎன்எஸ் முகவரியை (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வரின் முகவரி) மாற்றிய பிறகும் கணினிகள் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பது ஏன்?

பெரும்பாலும் குத்தகைக் காலம்தான் (ஒரு கணினி தனக்குக் கிடைத்த முகவரியை வைத்திருக்கக்கூடிய காலம்) காரணம். ஐபி முகவரியைத் தரும்போதே வெளி நெட்வொர்க்குக்கு வழியான கேட்வே (ஆப்ஷன் 3, அதாவது அமைப்பு எண் 3), டிஎன்எஸ் (ஆப்ஷன் 6), குத்தகைக் காலம் (ஆப்ஷன் 51) எல்லாவற்றையும் சர்வர் சேர்த்தே கொடுத்துவிடும். பிறகு அமைப்பை மாற்றினாலும், பொதுவாக அது தானாகப் போய்ச் சொல்லாது. கணினிதான் வந்து கேட்க வேண்டும். வழக்கமாகக் குத்தகையில் பாதி கழிந்ததும் கேட்கும். 8 நாள் குத்தகை என்றால், தொடர்ந்து ஓடும் கணினியில் 4 நாள் வரை பழைய டிஎன்எஸ்தான்.

அதனால் மாற்றும் நாளுக்கு 4, 5 நாள் முன்பே குத்தகையை 1 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். அதற்குள் எல்லாக் கணினியும் குறுகிய குத்தகைக்கு வந்திருக்கும். பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றினால் அரை மணியில் பரவிவிடும். வேலை முடிந்ததும் குத்தகையைப் பழையபடி கூட்ட மறக்காதீர்கள். குறுகிய குத்தகையோடு சர்வர் சில மணி நேரம் நின்றால், முகவரி இழந்து கணினிகள் வரிசையாகத் துண்டிக்கப்படும்.

குத்தகை புதுப்பித்தும் பழையதே வருகிறதா? எந்த மட்டத்தில் மாற்றினீர்கள் என்று பாருங்கள். விண்டோஸ் சர்வரில் முழு சர்வருக்குமான பொது ஆப்ஷனை ஸ்கோப் (ஒரு முகவரி வரம்பு) ஆப்ஷன் மீறும். ஸ்கோப் ஆப்ஷனை ரிசர்வேஷன் (ஒரு கணினிக்கென்றே ஒதுக்கிய முகவரி) ஆப்ஷன் மீறும். பலர் இங்கேதான் மணிக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.