கைபேசி ஏற்றுமதித் தொகை முழுவதும் உள்நாட்டு மதிப்பாகாது

கைபேசி ஏற்றுமதி பற்றிய உங்கள் அட்டவணையை ஆய்வு நெறியாளர் ஏன் திருப்பி அனுப்பினார் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏற்றுமதியாகும் கைபேசியின் முழு விலையையும் இங்கே உருவான மதிப்பாகக் கொள்ள முடியாது; அவர் அதைத் திருப்பி அனுப்பியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கைபேசிகளுக்கான 8517 என்ற சுங்கக் குறியீட்டின்கீழ் நீங்கள் எடுத்த தொகை எல்லையைக் கடக்கும் பொருளின் மொத்த விலை. வெளிநாட்டுத் திரையும் சில்லும் அதற்குள்ளேயே அடக்கம்.

மன்னார்குடிக் கல்லூரி என்று எழுதியிருப்பதால் அருகிலுள்ள எடுத்துக்காட்டையே சொல்கிறேன். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலை, அரிசியின் விலையையன்று, அரைவைக் கூலியையே வருமானமாக எழுதுகிறது. வெளிநாட்டுப் பாகங்களைப் பொருத்திக் கொடுக்கும் கைபேசி ஆலைக்கும் இதே கணக்குதான். 2009இல் சீனாவில் பொருத்தப்பட்ட ஐபோன் 3ஜியின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 179 டாலர் என்றும், அதில் பொருத்துகூலி 6.50 டாலர் மட்டுமே என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஏற்றுமதிப் புள்ளிவிவரமோ அந்த 179 டாலரையும் சீனாவின் பெயரிலேயே பதிந்தது.

சரிபார்க்க, உங்கள் அட்டவணையிலுள்ள அதே ஆண்டில் 8542 குறியீட்டின்கீழ் இறக்குமதியான சில்லுகளையும் 8524இன்கீழ் இறக்குமதியான திரைத்தொகுதிகளையும் பாருங்கள். ஆனால் அவற்றை ஏற்றுமதித் தொகையிலிருந்து அப்படியே கழித்துவிடாதீர்கள். உள்நாட்டில் விற்கும் கைபேசிகளுக்கும் பிற கருவிகளுக்கும்கூட அவை செல்கின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மதிப்புக்கூட்டு வணிகத் தரவில் ஏற்றுமதியின் உள்நாட்டு மதிப்புப் பங்கு நேரடியாகவே கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: அத்தரவு கணினி, மின்னணு, ஒளியியல் பொருள்கள் அனைத்தையும் ஒரே துறையாகக் கொள்கிறது, இந்தியா முழுமைக்குமானது, மாநில வாரியாகப் பிரிக்கப்பட்டதன்று. எனவே தலைப்பில் தமிழ்நாடு என்றிருந்தால் அதை இந்தியா என்று மாற்றிக்கொள்வதே நேர்மையான வழி.